சேகரத்தின் இரண்டு செலவுகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளில், சம்பளம், பண்டிகை, அன்றாடச் செலவு போக மிஞ்சுகிற பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் போகிறது. ஒன்று கட்டட நிதி, மற்றொன்று மிஷனெரி ஊழியம். கமிட்டிக் கூட்டத்தில் இவை இரண்டும் எதிரெதிராக வந்து நிற்கும். "ஆண்டவருடைய வீடு ஒழுகுது, அதைப் பார்த்துட்டு மத்ததைப் பார்ப்போம்" என்பார் ஒருவர். "கல்லுக்கும் கம்பிக்கும் கொட்டுற காசுல நாலு மிஷனெரிமாரைத் தாங்கலாமே" என்பார் இன்னொருவர். இருவருமே உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் வழக்கு தொடங்குகிற இடமே சரியில்லை என்பது என் கருத்து. கட்டடச் செலவிலும் நல்லது கெட்டது உண்டு, ஆளை அனுப்புகிற செலவிலும் உண்டு. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தால்தான் எது தேறும், எது தேறாது என்று தெரியும்.

அந்த உரைகல் பழையது. 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனெரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று மூன்று இலக்குகளை வைத்தார். மிஷனெரி வந்து போகிறவர், நிலைத்திருக்க வேண்டியது சபை. திருநெல்வேலி இந்தக் கொள்கை நெருக்கமாகச் சோதிக்கப்பட்ட மண்களில் ஒன்று. பணம் கொடுத்தவரும் முன்னின்று நடத்தியவரும் போன பிறகு அந்தக் காரியத்தை அங்கே இருக்கிறவர்கள் தங்கள் கையால் நடத்திக்கொள்ள முடியுமா? கோவில் கட்டுமானத்தையும் கடல் கடந்து போகிற தொண்டையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடப் போகிறேன்.

1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டின்படி பாளையங்கோட்டைச் சபையார் 40 பேர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1785-ல், குளோரிந்தா என்ற மராத்தியப் பிராமண விதவை முன்னின்று அங்கே ஒரு சிறு கோவிலைக் கட்டினார். ஜெர்மானிய மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஊரார் வாயில் அது இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோவில்தான். அடுத்த நூற்றாண்டில் கோவில்கள் பெரிதாயின. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி. பனங்காட்டுக்கு நடுவே வெகுதூரத்திலிருந்தே தெரியும். இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-ல்தான் பிரதிஷ்டையானது. இடைப்பட்ட காலத்தில், 1856-ல், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே வெளிவந்துவிட்டது. இலக்கணத்தைவிடக் கோவில் மெதுவாக வளர்ந்தது.

இவற்றை உள்ளூர்க் காசில் மட்டும் கட்டினார்கள் என்று பெருமை பேச முடியாது. இங்கிலாந்து நன்கொடை இல்லாமல் அந்த உயரமான கோபுரங்கள் எழுந்திருக்காது. பனையேறுகிற குடும்பங்கள் கருப்பட்டிக் காசில் கொடுத்ததும் உண்மை, சீமைப் பணம் வந்ததும் உண்மை. ஆனால் பொருளும் கைத்திறனும் பக்கத்திலேயே இருந்தன. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை. முப்பது வருடம் நீண்ட வேலையில் ஒரு தலைமுறைக் கொத்தனாரும் தச்சரும் அந்தக் கட்டடத்தின் நாடியைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து வந்த மாதிரியையும் உள்ளூர்க் கை பராமரிக்க முடிந்தது. பணத்தின் ஊற்று வெளியே இருந்தாலும் பராமரிப்பு வெளியே போகவில்லை. வென் வைத்த சோதனையில் இந்தக் கோவில்கள் முக்கால் பங்கு தேறுகின்றன என்பேன்.

இன்றைய புதுப்பிப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூறு வருடம் தாண்டிய கோவில் ஒன்றின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை பூச்சு புடைத்திருக்கும். விரல் மடக்கித் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருக்கும், தடவினால் செங்கல் மாவாக உதிரும். "சுவர் உளுத்துப் போச்சு, இனி நிக்காது" என்று காண்டிராக்டர் சொல்வார், கமிட்டியும் தலையாட்டும். அந்தச் சுவருக்கு வயதால் வந்த நோய் அல்ல அது. பெரும்பாலும் முந்திய பழுதுபார்ப்பில் பூசிய சிமெண்டால் வந்தது.

சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் மேலே ஏறுகிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. பூச்சு விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. அதைப் பார்த்து மறுபடி சிமெண்ட் பூசுவார்கள். இன்னும் அழகாக இருக்கட்டும் என்று இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். ஈரம் டைல்ஸையும் தாண்டி மேலே போகும். மூன்று கமிட்டிகளின் பதவிக்காலம் முடிவதற்குள் நல்ல சுவர் நோயாளியாகிவிடும்.

கூரைக்கும் இதே கதி. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளம் தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை இடித்து, தட்டோடு பதித்தது. இது ஒழுகத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் வடியும் குழாய். அதை இலைதழை அடைத்திருக்கும். அடுத்தது கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. இரண்டையும் கவனிக்காமல் விட்டால் சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி ஈரத்தில் அழுகும். வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஆளை மேலே ஏற்றினால் தீர்கிற காரியம் இது. அதைச் செய்யாமல் அடியில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். மேலே ஒழுகுவது யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது கட்டை போய்விட்டிருக்கும். பழுதை மறைக்கிற செலவைப் போலச் சபையின் பணத்தை வீணடிப்பது வேறொன்றில்லை.

இடித்துவிட்டுக் கட்டுவதற்குச் சொல்லப்படும் நியாயங்களையும் கேட்க வேண்டும். இடம் போதவில்லை என்பது முதல் நியாயம். கிறிஸ்துமஸ் காலையிலும் டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் சென்னை, மும்பை, வளைகுடாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர, கோவில் நிரம்பி வெளியே நாற்காலி போட வேண்டியிருக்கிறது. உண்மைதான். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசைகள் காலியாகக் கிடப்பதும் உண்மை. வருடத்தில் இரண்டு மூன்று நாளுக்குப் பந்தல் போதும். இரண்டாவது நியாயம் வசதி. முதியவர்கள் ஏறச் சாய்தளம், பெண்களுக்குக் கழிப்பறை, பாதுகாப்பான மின்வயர், தெளிவாகக் கேட்கிற ஒலிபெருக்கி. இவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பைசாகூடக் குறைக்கக் கூடாது. ஆனால் இவற்றில் எதற்கும் கோவிலை இடிக்க வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம், கோபுரத்துக்கு எல்.இ.டி. சிலுவை வந்த பிறகும் சாய்தளம் வராத கோவில்கள் இருப்பதுதான்.

வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. கமிட்டியின் காலம் மூன்று வருடம். ஓடு மாற்றியதற்கும் குழாய் அடைப்பு எடுத்ததற்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. மூன்று வருடத்துக்குள் பெயர் நிற்க வேண்டுமானால் மூன்று வருடத்துக்குள் முடிகிற பெரிய வேலை வேண்டும். 33 வருடம் பொறுத்துக் கட்டிய மண்ணில் இன்று பொறுமைக்கு இடமில்லாமல் போனது இதனால்தான். 2016-17 முதல் தமிழ்நாடு அரசு தேவாலயங்களைப் பழுதுபார்க்கக் கட்டடத்தின் வயதுக்கேற்ப மானியம் தருகிறது. நல்ல திட்டம். அந்தப் பணம் சுண்ணாம்பு அறிந்த கொத்தனார் கைக்குப் போகிறதா, இன்னொரு மூட்டை சிமெண்டாகப் போகிறதா என்பதைச் சேகரம்தான் தீர்மானிக்கிறது.

இத்தனை சொல்லிவிட்டு, பழைய கட்டடம் என்றாலே தொடக் கூடாது என்று நான் வாதாடினால் அது அநியாயம். இடித்தே ஆக வேண்டிய சுவர்களும் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவில் அதற்குச் சாட்சி. 1872-ல் அந்தத் திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டை போல இரண்டு கிளைகளாகக் கட்டினார்கள். ஒரு கிளையில் வேளாளர், மறு கிளையில் நாடார் முதலான மற்றவர்கள். பீடம், இரண்டு கிளைகளும் சேருமிடத்தில். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காண்பதற்காகக் கட்டடக்கலையே சாதிக்கு வளைந்து கொடுத்தது. 1910-ல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வழக்கை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கோவில் புதுப்பிப்புகளில் ஆகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் வடக்கன்குளத்துச் சுவரை இடித்ததைத்தான் சொல்வேன். அதற்குக் கிரானைட் தேவைப்படவில்லை. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிச் சுவர் வைத்திருக்கிற பங்குகளுக்குப் புதிய முகப்பு எதற்கு? கடப்பாரை அங்கேதான் முதலில் இறங்க வேண்டும்.

இனி மற்றொரு செலவான மிஷனெரி ஊழியம். தமிழ்ச் சபைகள் ஆள் அனுப்பியதன் கதையில் கடல் முதலிலிருந்தே உண்டு. 1902-ல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கே ஒன்றைக் கண்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் கடலைத் தாண்டி இந்தப் பக்கம், தொண்டிப் பகுதிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிட எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலிச் சபை அப்படித் தன் காசில் எதுவும் செய்யவில்லை. அது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் தீர்மானம். அடுத்த ஆண்டே முதல் மிஷனெரி நைசாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். மொழி வேறு, அரசு வேறு. 1909-ல் அசரியாவே அங்கே குடியேறினார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945-ல் இறக்கும் வரை அவர் களம் தெலுங்கு நாடுதான்.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டையானது. கட்டி முடிக்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆனது. மெஞ்ஞானபுரத்துக் கூர்ங்கோபுரத்தை அங்கே கொண்டுபோய் நட அவருக்கு எளிதாக முடிந்திருக்கும். செய்யவில்லை. மசூதியின் குவிமாடமும் கோவிலின் தூண்களும் சேர்ந்த வடிவம் அது, அந்த நாட்டுச் சனங்களின் கண்ணுக்குப் பழகியது. அவருடைய மறைமாவட்டத்தில் குருக்களாக உயர்ந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குக் கிராமத்தார். கட்டடச் செலவும் ஆள் செலவும் எதிரெதிர் அல்ல என்பதற்குத் தோர்ணக்கல்லைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நோக்கத்தில் நடந்தன. இரண்டும் அந்த மண்ணுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அசரியா ஊழியம் செய்த காலத்தில் மதமாற்றத்தைப் பற்றிக் காந்தி அவரோடு கடுமையாக முரண்பட்டார். அந்தக் கேள்வி இன்றும் அடங்கவில்லை. அடுத்தவர் ஊருக்குப் போகிற எவரும், யார் அழைத்துப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1854-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்காகத் தொடங்கிய மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். மொழி தெரிந்தவர்கள், சனத்தைத் தெரிந்தவர்கள், மலைக்காட்டில் நடந்தே லயத்துக்கு லயம் போனவர்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மிஷனுக்குச் சந்தா கொடுத்தவர்களில் தோட்டத் துரைமார்களும் இருந்தார்கள். துரையின் பணத்தில் வாழ்கிற ஊழியர், துரை கூலியைப் பிடித்தால் என்ன பேச முடியும்? அனுப்பப்பட்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரைத் தாங்குகிற பணம் யாருடையது என்பது அவர் வாயைக் கட்டிவிடும். இந்த இடத்தில்தான் அந்த ஊழியம் எடையில் குறைகிறது.

உதவி நம்மை நோக்கி வந்தபோது நாம் பெற்றுக்கொண்டவர்களாகவும் இருந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் கிடந்தது. மீனவர்கள் அதைத் தொடவில்லை. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர், கேட்காமல் அனுப்பியவர்கள். அதே நாள்களில் குமரிக் கடற்கரையில் கோட்டாறு மறைமாவட்டத்தின் பங்குகள் வேலை செய்த விதம் வேறு. எந்த வீட்டில் யார் போனார்கள், எந்தப் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பது பங்குச் சாமியாருக்கும் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குழுவுக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்த உதவி அந்த அறிவோடு சேர்ந்த இடத்தில் பயன்பட்டது. சேராத இடத்தில் சாலையோரம் கிடந்தது.

ஆகவே இன்று பெருகிவரும் குறுகிய பயணங்களைப் பற்றி நான் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. மேல்நாட்டுச் சபையிலிருந்து வாலிபர்கள் இரண்டு வாரத்துக்கு வந்து பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். அந்த விமானச் செலவில் உள்ளூர்ப் பெயிண்டர் பல பள்ளிகளுக்கு அடித்துக் கொடுப்பார், அவர் வீட்டிலும் அடுப்பெரியும். நம்மவர்கள் செய்வதும் அதேதான். வேன் பிடித்தோ ரயிலேறியோ பணித்தளத்துக்குப் போய், கைச்சைகையில் பேசி, பாட்டுப் பாடி, படம் எடுத்துத் திரும்புகிறோம். நாம் வருகிறோம் என்று அந்த மிஷனெரியின் மனைவி மூன்று நாள் அடுப்படியிலேயே கிடக்கிறார். இதனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பல வருடம் விடாமல் காணிக்கை அனுப்புகிறார்கள், ஜெபக்குழுவைக் கலையாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பார்வையாளர் பெறுகிற நன்மை. திருத்தலப் பயணத்துக்கு எப்படிச் சொந்தக் காசில் போகிறோமோ அப்படியே இதற்கும் போக வேண்டும். மிஷனெரிக் காணிக்கையில் கை வைக்கக் கூடாது.

நெடுநாள் தங்குகிறவர் கதை வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சபைகளின் பரிந்துரையில் படிக்கிறவர்கள், படித்து முடித்ததும் அனுப்பிய சபையின் மருத்துவமனையில் இரண்டு வருடம் ஊழியம் செய்ய வேண்டும் என்பது நெடுங்கால ஏற்பாடு. அங்கே ஆள் தேவை என்று மருத்துவமனை கேட்கிறது. போகிறவர் கையில் தொழில் இருக்கிறது. ஒரு பருவம் தங்கினால் நோயாளியின் பேச்சு காதில் ஏறிவிடும். கடல் கடந்து தொண்டுக்குப் போக விரும்பும் நம் வாலிபரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: உன்னை அழைத்தது யார், உனக்கு என்ன வேலை தெரியும், அவர்கள் மொழியில் எவ்வளவு பேசுவாய், நீ திரும்பி வந்த பிறகு அந்த வேலையை யார் செய்வார்கள்?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு முதலிடம் பெறுகிறது. அதோடு சமமாக நிற்பது, அழைப்பின்பேரில், மொழி கற்று, கைமாற்றிக் கொடுக்கும் நோக்கத்தோடு நெடுநாள் போகிற ஊழியம். அடுத்தது சாய்தளம், கழிப்பறை போன்ற வசதிகள். இடித்துக் கட்டுவது, கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுத்தாலொழிய, தேறவில்லை. சாதிச் சுவர் மட்டும் இதற்கு விலக்கு. குறுகிய பணித்தளப் பயணம் சபைப் பணத்தில் நடக்கும்போது தேறவில்லை, சொந்தப் பணத்தில் போனால் அவரவர் விருப்பம். கட்டட நிதி பெரிதாகும் வருடத்தில் மிஷனெரிக் காணிக்கை சுருங்குகிறதென்றால், அந்தக் கட்டடத் திட்டத்தையே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு ஆளைக் கூரைமேல் ஏற்றி, குழாய் அடைப்பையும் அரசங்கன்றையும் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பொறியாளரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள், அவர் எழுதிக் கொடுப்பதை ஞாயிறு ஆராதனையில் சபையாருக்கு வாசியுங்கள். நீங்கள் தாங்குகிற மிஷனெரிக்கு ஒரு கடிதம் போட்டு, அந்த ஊர்ச் சனத்துக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பொறியாளரின் அறிக்கையும் மிஷனெரியின் பதிலும் மேசைக்கு வந்த பிறகு தீர்மானத்தை எழுதுங்கள்.